வெலிமடைக்குப் போன துப்பாக்கி

என் வாழ்நாளில் நான் ஒரு தோட்டாவையும் சுட்டதில்லை. பதினொரு வருடம் துப்பாக்கி அனுமதிப்பத்திரங்களைப் புதுப்பிக்கும் மேசையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் ஆயுதத்துக்கும் இருந்த உறவு அவ்வளவுதான். எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. இப்போது அங்கே இருப்பவர்கள் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. நான்தான் அவர்களுக்கு ஒரு கோப்பைத் திறந்து வைத்தேன்.

அந்த மேசையில் எனக்கு நல்ல பெயர் கிடையாது. ஒரு முத்திரை குறைந்தால் திருப்பி அனுப்புவேன். பூண்டுலோயாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த விவசாயியாக இருந்தாலும் சரி, தோட்டத்துத் துரைமாராக இருந்தாலும் சரி, துப்பாக்கியை நேரில் கொண்டுவந்து காட்டாவிட்டால் புத்தகத்தில் கையெழுத்து விழாது. என் முதுகுக்குப் பின்னால் என்னை என்ன சொல்லி அழைத்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அதை இங்கே எழுத மாட்டேன்.

என் தங்கையின் கணவர் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். அவருடைய அப்பா எந்த நாட்டுப் பிரஜை என்பதை இலங்கை, இந்தியா என்று இரண்டு அரசாங்கங்கள் முடிவு செய்வதற்குள் செத்துப்போனார். மாப்பிள்ளைக்குத் தோட்டத்து ஓரமாக ஒரு துண்டு நிலம் கிடைத்தது. லீக்ஸும் உருளைக்கிழங்கும் போட்டார். காட்டுப்பன்றி வந்தது. விண்ணப்பித்தார். யாரும் எதிர்பாராத விதமாக ஓர் ஒற்றைக் குழல் துப்பாக்கிக்கு அனுமதி கிடைத்தது. அந்தப் புத்தகத்தை அவர் தன் பிரஜாவுரிமைச் சான்றிதழ் இருக்கும் அதே பொலித்தீன் உறைக்குள்தான் வைத்திருக்கிறார். இத்தனை வருடத்தில் அவர் சுட்ட பன்றிகள் இரண்டு. "அதுல ஒண்ணு சத்தத்துக்குப் பயந்து செத்துச்சு அண்ணே" என்பாள் என் தங்கை.

அவளுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை செய்த பிறகு அக்கரப்பத்தனைக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. மகளும் மருமகனும் வெலிமடையில் மரக்கறி பயிரிடுகிறார்கள். அங்கேயே போய்விடுவது என்று முடிவாயிற்று. கட்டில், அலுமாரி, ஆடு எல்லாம் போகும். துப்பாக்கியும் போக வேண்டும். அக்கரப்பத்தனை மத்திய மாகாணம், வெலிமடை ஊவா மாகாணம்.

"அதைப் பொலிஸில் ஒப்படைத்துவிட்டு ஒரு ரசீது வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போங்களேன்" என்றேன்.

"என்னா மச்சான் பேசுறீங்க" என்றார். "எங்கப்பனுக்கு ஒரு ஐடென்டிட்டி கார்டு குடுக்கல. எனக்குத் துப்பாக்கி குடுத்துருக்காங்க. அதத் திருப்பிக் குடுக்கச் சொல்றீங்களா?"

காகித வேலையை நானே எடுத்துக்கொண்டேன். ஓய்வு பெற்ற மனிதனுக்கு ஒரு விண்ணப்பம் கிடைத்தால் அது தீபாவளிதான். பழைய பொலிஸ் நிலையத்தின் கடிதம், புதிய பொலிஸ் நிலையத்தின் கடிதம், எந்த நாளில் எந்தப் பாதையால் எந்த வாகனத்தில் போகிறது என்று குறிப்பிட்ட அனுமதி. எல்லாவற்றுக்கும் மும்மூன்று பிரதி, ஒவ்வொன்றிலும் சமாதான நீதவானின் முத்திரை. அனுமதி ஒரே ஒரு நாளுக்கு மட்டும் செல்லும். கூட வருபவர் என்ற இடத்தில் என் பெயரையும், அதற்குக் கீழே நான் முன்பு வகித்த பதவியையும் நானே கேட்டுப் போட்டுக்கொண்டேன். வழியில் மறிக்கும் எவனும் அதைப் பார்த்து மரியாதையாக நடந்துகொள்வான் என்று நினைத்தேன்.

ஒரு தடவை, வெளிநாட்டில் சுடும் போட்டிக்குப் போகவிருந்த ஒருவருடைய கோப்பு என் மேசைக்கு வந்திருந்தது. விமானத்தில் துப்பாக்கி போவதற்கான விதிகளை அப்போதுதான் படித்தேன். தோட்டா இல்லாமல், பாகங்களைக் கழற்றி, பூட்டிய கெட்டிப் பெட்டியில்; தோட்டாக்கள் வேறு பெட்டியில்; ஏறுவதற்கு முன்னமே வாய் திறந்து சொல்லிவிட வேண்டும். எவ்வளவு அழகான விதிகள் என்று அன்றைக்கே வியந்தேன். மாப்பிள்ளையின் துப்பாக்கி பறக்கப் போவதில்லை, வாடகை வேனில்தான் போகிறது. ஆனாலும் அதே ஒழுங்கை விதித்தேன். குழல் தனி, விசையோடு சேர்ந்த கட்டை தனி. அவரிடம் இருந்த நான்கு தோட்டாக்களும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள், டின்னுக்கு ஒரு பூட்டு. சாவி என் சட்டைப் பையில்.

புறப்பட்ட காலையில் என் தங்கை துப்பாக்கிப் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"அண்ணே, நல்லாத் தேச்சுப் பொட்டு வச்சிருக்கேன். புது எடத்துக்குப் போவுதுல்ல. பாருங்களேன், எப்புடிப் பளபளன்னு இருக்கு."

நான் பார்க்கவில்லை. காகிதங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். "சரி, சரி, பையை மூடு" என்றேன்.

தங்கையும் சாமான்களும் மறுநாள் லொறியில் வருவதாக ஏற்பாடு. மாப்பிள்ளை முன்னால் சாரதியின் பக்கத்தில் உட்கார்ந்தார். சாரதி அதே தோட்டத்து ஆள், ஐம்பது வயதிருக்கும், வாய் ஓயாதவர். நான் பின்னால், பையை மடியில் சாய்த்துக்கொண்டு. லிந்துலை தாண்டுவதற்குள் என் உள்ளங்கை வியர்த்துவிட்டது. வெளியே மூடுபனி, ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிகிறது, எனக்கு மட்டும் வியர்வை.

யுத்தப் பிரச்சினை நடந்த வருடங்களில் நான் அரச உத்தியோகத்தன். சட்டைப் பையில் அடையாள அட்டை, உத்தியோக அட்டை, மேலதிகாரியின் கடிதம் எல்லாம் இருக்கும். ஆனாலும் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி இறங்கச் சொல்லும்போது என் தமிழ்ப் பெயரை வாசிக்கும் அந்த ஒரு கணத்தில் என் வயிறு ஒரு பிடி பிடிக்கும். அப்போது என் பையில் இருந்ததெல்லாம் சோற்றுப் பெட்டிதான். இப்போது மடியில் துப்பாக்கி. எல்லாக் காகிதமும் இருக்கிறது என்று மூளை சொல்கிறது. வயிறு அந்தப் பழைய பஸ்ஸைவிட்டு இன்னும் இறங்கவில்லை.

"மச்சான், அத ஏன் புள்ளயத் தூக்கி வச்சிருக்க மாதிரி வச்சிருக்கீங்க? கீழ வையுங்க" என்றார் மாப்பிள்ளை.

"நீங்க முன்னால பாருங்க."

"நா முன்னாலதான் பாக்குறேன். கண்ணாடில ஒங்க மொகம்தான் தெரியுது. அந்த மொகத்தப் பாத்தாலே பொலிஸ்காரன் வேன நிப்பாட்டுவான்."

சாரதி சிரித்தார். நானும் சிரிக்க முயன்றேன்.

நானுஓயா, நுவரெலியா, ஹக்கலை. ஒருவரும் மறிக்கவில்லை. ஹக்கலை தாண்டியதும் ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தினோம். சாரதி மட்டும் இறங்கிப் போனார். நான் வண்டியிலேயே இருந்து காகிதங்களை நான்காவது முறையாகச் சரிபார்த்தேன். புத்தகத்தில் உள்ள இலக்கமும் கடிதத்தில் உள்ள இலக்கமும் ஒன்று. கடிதத்தில் உள்ளதும் அனுமதியில் உள்ளதும் ஒன்று. அப்போதுதான் ஒன்று உறைத்தது. காகிதத்தைக் காகிதத்தோடு ஒப்பிட்டிருக்கிறேன். இரும்போடு ஒப்பிடவில்லை.

"மாப்பிள்ளை, இலக்கம் எங்க அடிச்சிருக்கு?"

"விசைக்கு மேல, பக்கவாட்டுல."

கதவைச் சாத்திவிட்டுப் பையின் ஸிப்பைத் திறந்து கட்டைப் பாகத்தை வெளியே எடுத்தேன். விசைக்கு மேலே உள்ள இரும்புத் தகட்டில் மூன்று கோடு விபூதி, நடுவில் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம். கைக்குட்டையால் துடைத்தேன். பளபளத்த இரும்புக்குள் என் மூக்குக் கண்ணாடி தெரிந்தது. முதல் இரண்டு இலக்கங்களும் கடைசி ஒன்றும் மங்கலாக இருந்தன. நடுவில் ஒன்றுமில்லை. வழுவழுவென்று, நெற்றி மாதிரி.

"இது என்ன?"

அவர் திரும்பி எட்டிப் பார்த்தார். "தேஞ்சு போச்சோ?"

"எப்படித் தேயும்?"

"ஆயுதபூசைக்குத் தேப்பாளே ஒங்க தங்கச்சி. எங்க தேயில ஸ்டோருலயும் அப்புடித்தான, ரோலரு, சல்லடை எல்லாத்தயும் கழுவித் தேச்சுப் பொட்டு வைப்போம். வீட்டுல கத்தி, மம்பட்டி, அருவாமணை, அப்பறம் இது. புளியும் சாம்பலும் போட்டுத் தேப்பா. போவலன்னா செங்கத் தூளு. பொட்டு வைக்கிறதுக்கு அந்த எடந்தான் நெத்தி மாதிரி இருக்குன்னு அங்க மட்டும் நல்லா அழுத்தித் தேப்பா."

துப்பாக்கியின் இலக்கத்தை அழிப்பது கொள்ளைக்காரர்கள் அரத்தை வைத்துச் செய்கிற வேலை. இலக்கமில்லாத துப்பாக்கி, சட்டத்தின் கண்ணில், அனுமதியில்லாத துப்பாக்கி. அகப்பட்டவருக்குப் பிணை லேசில் கிடைக்காது. அதற்கான பிரிவுகளை எண்ணோடு சொல்லக்கூடியவன் நான். என் தங்கை அந்தக் குற்றத்தை இருபது வருடமாகப் பக்தியோடு செய்து வந்திருக்கிறாள். உள்ளே போகப் போகிறவர் முன் ஆசனத்தில் திரும்பி உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. பயம் எனக்கு எப்போதும் அந்த வேஷத்தில்தான் வரும்.

"வருசா வருசம் புதுப்பிக்கும்போது ஒருத்தனும் இதைப் பார்க்கலையா? யார் அந்தக் கழுதை?"

மாப்பிள்ளை முன்னால் திரும்பிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நீங்கதான மச்சான் சொன்னீங்க. 'மழையில அதத் தூக்கிட்டு பஸ்ல வராதீங்க, புஸ்தகத்த மட்டும் குடுத்து விடுங்க, நா பாத்துக்கிறேன்'னு."

உண்மைதான். பூண்டுலோயா விவசாயியைத் திருப்பி அனுப்பிய அதே கை, மாப்பிள்ளையின் புத்தகத்தில் வருடா வருடம் 'ஆயுதம் பரிசீலிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது. ஒரு தமிழன் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு அந்த நாட்களில் பஸ்ஸில் வந்தால் என்ன ஆகும் என்று பயந்தேன் என்று வைத்துக்கொள்ளலாம். சொந்தக்காரன் என்ற சலுகை என்றும் வைத்துக்கொள்ளலாம். எனக்குப் பின் வந்தவர்கள் பழைய கையெழுத்தைப் பார்த்து அப்படியே தொடர்ந்திருக்கிறார்கள்.

"திரும்பிப் போயிருவோமா?" என்றார்.

"அனுமதி இன்னைக்கு ஒரு நாளைக்குத்தான். பழைய பொலிஸில் பதிவை வெட்டியாச்சு. அங்க கொண்டு போனாலும் இது அனுமதியில்லாத துப்பாக்கிதான்."

"அப்ப பேசாம போயிருவோம். யாரு பாக்கப் போறா? இத்தன வருசம் யாரும் பாக்கல."

"இல்ல. நாமளே போய்ச் சொல்லணும். நாமளாப் போய்ச் சொல்றது வேற, பிடிபடுறது வேற."

"சொன்னா விட்டுருவாங்களா?"

கட்டைப் பாகத்தைப் பைக்குள் வைத்து ஸிப்பை மூடினேன்.

சாரதி வந்து வண்டியை எடுத்தார். அடுத்த பொலிஸ் நிலையத்தில் நிறுத்தச் சொன்னேன். நிலையம் வருவதற்கு முன்னமே, ஒரு வளைவு திரும்பியதும், அவர் வேகத்தைக் குறைத்தார்.

"ஐயா, பொலிஸ் மறிக்குது. லீவு காலம்ல, எல்லா வேனையும் பாக்குறாங்க."

ஜன்னலைத் தாழ்த்தினேன். இளம் கான்ஸ்டபிள். அவர் வாயைத் திறப்பதற்கு முன் நான் சிங்களத்தில் சொன்னேன்: "எங்களிடம் ஒரு துப்பாக்கி இருக்கிறது. அனுமதி இருக்கிறது. தோட்டா தனியாக இருக்கிறது. அதில் ஒரு குறை இருக்கிறது. உங்கள் நிலையத்துக்கு அதைச் சொல்லத்தான் வந்துகொண்டிருக்கிறோம்." எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். சொல்லி முடித்தபோது அவருடைய கை தன் இடுப்புக்குப் போயிருந்தது.

நிலையத்தில் எங்களை ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பொறுப்பதிகாரி நாற்பது வயதுக்காரர், அமைதியானவர். காகிதங்களை ஒவ்வொன்றாக வாசித்தார். இவ்வளவு ஒழுங்கான காகிதங்களை அவர் பார்த்திருக்க மாட்டார். பிறகு துப்பாக்கியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். விரலால் தடவினார். மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"இதை யார் தேய்த்தது?"

"சாமிக்கு, சேர்" என்றார் மாப்பிள்ளை, சிங்களத்தில்.

அதிகாரிக்கு அது விளங்கியதா என்று தெரியவில்லை. அனுமதிப் புத்தகத்தைப் புரட்டினார். பழைய பக்கங்களில் ஒரே கையெழுத்து. பயண அனுமதியை எடுத்து என் பெயரையும் பழைய பதவியையும் வாசித்தார். மறுபடி கையெழுத்தைப் பார்த்தார். நான் விரும்பிக் கேட்டுப் போட்டுக்கொண்ட வரி.

"அங்கிள், இது உங்களுடைய கையெழுத்தா?"

"ஆம்."

"நீங்கள் பரிசீலித்தபோது இலக்கம் தெளிவாக இருந்ததா?"

சாதாரணமான கேள்வி. வாய்க்கு முதலில் வந்த பதில் 'ஆம், தெளிவாக இருந்தது' என்பதுதான். முப்பத்தைந்து வருட உத்தியோகம் அந்தப் பதிலைத்தான் நாக்கின் நுனியில் வைத்திருந்தது. ஆனால் நான் பார்த்தபோது இலக்கம் இருந்தது என்றால், அதற்குப் பிறகு அதை அழித்தவர் யார்? துப்பாக்கி யார் வீட்டில் இருந்தது? அந்த ஒரு சொல்லால் நான் வெளியே போவேன், மாப்பிள்ளை உள்ளே போவார். அவர் பொலித்தீன் உறையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நான் என்ன சொன்னாலும் அது தன் நன்மைக்குத்தான் என்ற நம்பிக்கையோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"நான் பார்க்கவில்லை" என்றேன்.

அதிகாரி பேனையைக் கீழே வைத்தார். "அந்த வருடமா?"

"எந்த வருடமும் இல்லை. முதல் தடவை மட்டும்…" என்று தொடங்கி நிறுத்தினேன். "முதல் தடவையும் இல்லை. புத்தகத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்து வைத்தேன். இவர் என் தங்கையின் கணவர்."

"இதை எழுதித் தருவீர்களா?"

"தருவேன்."

மாப்பிள்ளை என் காதருகில் தமிழில் முணுமுணுத்தார். "மச்சான், ஒங்க பென்சன் போயிருமா?"

"வாயை மூடிக்கிட்டு இருங்க."

எழுதினேன். என் கையெழுத்து அவ்வளவு கோணலாக ஒருநாளும் விழுந்ததில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது, நிலையத்தின் ஆயுத அறைக்குப் பொறுப்பான வயதான பொலிஸ் சாஜன் ஒருவர் கையில் தேநீர்க் கோப்பையோடு உள்ளே வந்தார். மேசையில் கிடந்த குழலையும் கட்டையையும் பார்த்தார். விஷயத்தைக் கேட்டார். கோப்பையை வைத்துவிட்டுக் குழலை எடுத்து, அதன் அடியில் இருந்த கைப்பிடி மரத்தை ஒரு நெம்பு நெம்பிக் கழற்றினார். அது கழலும் என்றே எனக்குத் தெரியாது. பதினொரு வருடம் அந்த மேசையில் இருந்தவன் நான்.

மரத்துக்கு அடியில், கறுத்த பழைய கிரீஸுக்குள், இரும்பில் இலக்கம் இருந்தது. புளியும் சாம்பலும் எட்டாத இடம். சாஜன் பெருவிரலால் துடைத்துவிட்டு ஒவ்வோர் இலக்கமாகச் சத்தமாக வாசித்தார். அதிகாரி புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து அதே புத்தகத்தைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி இலக்கமும் சரியாக வந்தது.

"துப்பாக்கி இதுதான், சேர்" என்றார் சாஜன். கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மாப்பிள்ளையை அன்றைக்குத் தடுத்து வைக்கவில்லை. துப்பாக்கி அங்கேயே இருக்க வேண்டும், நிபுணர் பார்த்து அறிக்கை தர வேண்டும், அழிந்த இடத்தில் மறுபடி இலக்கம் அடிக்க வேண்டும், கூப்பிட்டால் வர வேண்டும் என்றார் அதிகாரி. ஒரு ரசீது எழுதிக் கொடுத்தார். நான் முதலிலேயே வாங்கச் சொன்ன ரசீது. அதை மாப்பிள்ளைக்கு ஞாபகப்படுத்தவில்லை.

வெறும் பையோடு வண்டியில் ஏறினோம். ஊவா மாகாணம் வரவேற்கிறது என்ற பலகையைத் தாண்டும்போது மாப்பிள்ளை ரசீதை என்னிடம் நீட்டினார். "இலக்கத்தச் சரியா எழுதிருக்கானான்னு பாருங்க." புத்தகத்தை மடியில் விரித்து, விரல் வைத்து, ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவர் ரசீதை வாங்கிப் பொலித்தீன் உறைக்குள், பிரஜாவுரிமைச் சான்றிதழுக்குப் பின்னால் வைத்தார்.

"தேச்சதாலதான் இப்புடின்னு தங்கச்சிகிட்ட சொல்ல வேணாம் மச்சான். பாவம், அழுவா."

மூன்று மாதம் கழித்துத் துப்பாக்கி கிடைத்தது. வெலிமடையில் புதிய பதிவுக்குப் போன அன்று நானும் கூடப் போனேன். மேசையில் ஓர் இளம் பெண். "ஆயுதத்தைக் காட்டுங்கள்" என்றார். வெளியே நல்ல மழை. மாப்பிள்ளை வண்டிக்கு ஓடிப் போய் அதைத் தோளில் சுமந்து நனைந்துகொண்டு வந்தார். அந்தப் பெண் புதிய இலக்கத்தை விரலால் தொட்டு வாசித்தார். பிறகு அடி மரத்தையும் கழற்றச் சொன்னார். நான் எழுந்து நின்றுவிட்டேன், ஏன் என்று தெரியவில்லை.

என் வாக்குமூலம் மேலே போய், சுற்றி, என் பழைய அலுவலகத்துக்கே போயிருக்கிறது. போன மாதம் ஒரு பதிவுத்தபால் வந்தது. 'மேற்படி விடயம் தொடர்பாகத் தங்களது விளக்கத்தைப் பதினான்கு நாட்களுக்குள் எழுத்து மூலம் சமர்ப்பிக்கத் தவறும் பட்சத்தில்' என்று தொடங்கும் அந்த வாக்கியத்தை எனக்கு நன்றாகத் தெரியும். அதை வரைந்தவன் நான். எத்தனையோ பேருக்கு அனுப்பியிருக்கிறேன். அதை வாங்கிக்கொண்டவர்கள் எப்படித் தூங்கினார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

பதில் எழுத மூன்று நாள் எடுத்தேன். இரண்டு பக்கம் எழுதிக் கிழித்தேன். கடைசியில் 'நான் பார்க்கவில்லை' என்று நிலையத்தில் சொன்ன அதே ஒரு வரியைத்தான் அனுப்பினேன். இன்னும் ஒன்றும் வரவில்லை. தபால்காரரின் சைக்கிள் மணி வாசலில் கேட்கும்போதெல்லாம் எழுந்து போய்ப் பார்க்கிறேன். மாப்பிள்ளை வாரத்துக்கு ஒரு தடவை வெலிமடையிலிருந்து கூப்பிடுகிறார். முதலில் பன்றியைப் பற்றிச் சொல்வார். பிறகு குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் தங்கை இருப்பாள் போலும், "வந்துச்சா மச்சான்?" என்பார்.

"இன்னும் இல்ல" என்பேன்.